முன்பு சரியாகச் சொன்னவள் இப்போது "நோ சாபோ" என்கிறாள்

குவாதலஹாரா_அம்மா

எல்லோருக்கும் வணக்கம். நாங்கள் மெக்சிகோவில் குவாதலஹாராவில் இருக்கிறோம், வந்து 4 வருடம் ஆகிறது. மகள் இங்கேதான் பிறந்தாள், இப்போது 3 வயது 2 மாதம். நானும் அவரும் அவளிடம் தமிழ்தான் பேசுகிறோம். ஸ்பானிஷ் அவளுக்குப் பக்கத்து வீட்டுப் பாட்டியிடமிருந்தும், ஒன்றரை வயதிலிருந்து போய்வரும் குழந்தைகள் காப்பகத்திலிருந்தும் வந்தது.

இரண்டு வயதில் அவள் ஸ்பானிஷில் முதலில் கச்சிதமாகச் சொன்னவற்றில் ஒன்று "நோ செ", அதாவது எனக்குத் தெரியாது. யார் என்ன கேட்டாலும் இரண்டு கையையும் விரித்து "நோ செ" என்பாள். போன மாதத்திலிருந்து அது காணாமல் போய்விட்டது. நேற்று சாயங்காலம் பாட்டி "உன் செருப்பு எங்கே" என்று கேட்டார், அதே மாதிரி கையை விரித்து "நோ சாபோ" என்றாள். "என்னால் முடியவில்லை" என்பதற்கு "நோ புவேதோ" என்று வரவேண்டும், இவள் "நோ போதோ" என்கிறாள். "நான் வைக்கிறேன்" என்பது "போங்கோ", இவளுக்கு அது "போனோ".

முன்பு சரியாகச் சொன்னதை இப்போது ஏன் தப்பாகச் சொல்கிறாள்? காப்பகத்து ஆசிரியை குறிப்பேட்டில், வீட்டில் வேறு மொழி பேசுவதால் குழம்புகிறாள், கொஞ்ச நாளைக்கு ஸ்பானிஷ் மட்டும் பேசுங்கள் என்று எழுதி அனுப்பியிருக்கிறார். என் கணவர் பாதி சம்மதித்துவிட்டார். எனக்கு மனசே இல்லை. தமிழை நிறுத்தினால் ஊரில் என் அம்மாவோடு இவள் எந்த மொழியில் பேசுவாள்? தெரிந்தவர்கள் யாராவது சொல்லுங்கள்.

வினைத்தொகை

அக்கா, முதலில் தமிழை நிறுத்தாதீர்கள், மற்றதை அப்புறம் பேசலாம். நான் மொழியியல் படிக்கிறேன், குழந்தை மொழிதான் என் பாடம், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

"சாப்பிடு" என்பதற்கு ஸ்பானிஷில் கொமேர். நீ சாப்பிடுகிறாய் என்றால் கோமெஸ், அவன் அல்லது அவள் என்றால் கோமெ, நாம் என்றால் கொமேமோஸ், அவர்கள் என்றால் கோமென். நான் என்றால் கோமோ. இதை அப்படியே மனதில் வைத்துக்கொண்டு "தெரி" என்பதற்கு உள்ள சபேர் வினையைப் பாருங்கள். சாபெஸ், சாபெ, சபேமோஸ், சாபென். அப்படியானால் "நான்" என்பதற்கு என்ன வரவேண்டும்? சாபோ என்றுதானே? பள்ளியில் பகுபத உறுப்பிலக்கணம் படித்த நம்மைக் கேட்டாலும் அதைத்தான் சொல்வோம். மொழி அந்த ஒரு இடத்தில் மட்டும் "செ" என்று வைத்திருக்கிறது. உங்கள் மகள் பகுதி எது, தன்மை ஒருமை விகுதி எது என்று யாரும் சொல்லித்தராமல் தானே பிரித்துக் கண்டுபிடித்திருக்கிறாள். பெரியவர்கள் யாரும் அவளிடம் சாபோ என்று சொல்லியிருக்க மாட்டார்கள். அது அவளே செய்த சொல்.

இரண்டு வயதில் சொன்ன "நோ செ" வேறு விஷயம். அது அவளுக்கு ஒரே கட்டியாக இருந்திருக்கும், உள்ளே ஒரு வினை இருக்கிறது, அதற்கு விகுதி இருக்கிறது என்று தெரிந்து சொன்னதில்லை. "டாட்டா" சொல்வது மாதிரி, கையை விரிப்பதும் அந்தச் சொல்லும் சேர்ந்து ஒன்று. விதி பிடிபட்டதும் அந்தக் கட்டியின் இடத்தில் தான் செய்த சொல்லை வைக்கிறாள். இன்னும் பல நூறு தடவை "செ" காதில் விழுந்த பிறகு அது திரும்ப வரும், இந்த முறை சபேர் குடும்பத்தில் ஒரு ஆளாக வரும். முதலில் சரி, நடுவில் தப்பு, மறுபடி சரி என்ற இந்தப் பாதை ஆங்கிலக் குழந்தைகளுக்கும் உண்டு, போனேன் என்பதற்கு வென்ட் என்று சொல்லிக்கொண்டிருந்த குழந்தை திடீரென்று கோ-வோடு எட் சேர்த்துக் கோட் என்று சொல்ல ஆரம்பிக்கும்.

முக்கியமானது இது: சாபோ, போதோ, போனோ எல்லாம் ஸ்பானிஷ் மட்டுமே பேசும் வீடுகளில் பிறந்த குழந்தைகளும் சொல்பவை. இதில் தமிழின் பங்கு எதுவும் இல்லை. தமிழிலிருந்து சாபோ எப்படி வரும்?

பழையபள்ளி

எல்லாம் சரி, ஆனால் தப்பு தப்புதானே தம்பி. நாங்கள் சின்ன வயதில் தப்பாகப் பேசினால் தாத்தா அங்கேயே நிறுத்தித் திரும்பச் சொல்ல வைப்பார். அதனால்தான் எங்களுக்குத் தமிழ் ஒழுங்காக வந்தது. கண்டுபிடித்தாள், அறிவாளி என்று கைதட்டிக்கொண்டிருந்தால் அதுவே பழகிவிடாதா? ஆறு வயதிலும் சாபோ என்று சொன்னால் பிள்ளைகள் கேலி செய்ய மாட்டார்களா? கோபமாகக் கேட்கவில்லை, அக்கறையில்தான் கேட்கிறேன்.

பேச்சுப்பயிற்சி_மாட்ரிட்

ஐயா கேட்டது நியாயமான கேள்வி. நான் மாட்ரிடில் குழந்தைகளுக்குப் பேச்சுப் பயிற்சி தரும் வேலையில் இருக்கிறேன். இதே கேள்வியை ஸ்பானியத் தாய்மார்களும் வாரம் ஒரு முறையாவது கேட்பார்கள்.

நிறுத்தித் திருத்துவதில் ஒரு சிக்கல் உண்டு. மூன்று வயதுக் குழந்தையிடம் "சாபோ இல்லை, செ என்று சொல்லு" என்றால் அது "செ" என்று சொல்லும், அடுத்த நிமிடம் சாபோ என்றுதான் சொல்லும், ஏனென்றால் அது செருப்பைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறது, வினையைப் பற்றி இல்லை. திரும்பத் திரும்ப நிறுத்தினால் சில குழந்தைகள் பேச்சையே குறைத்துக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன். அதற்காக விட்டுவிடவும் வேண்டாம். குழந்தை சொன்ன கருத்தை ஏற்றுக்கொண்டு சரியான வடிவத்தைப் பதிலில் வைத்துக் கொடுத்தால் போதும். "நோ சாபோ" என்றால், "அப்படியா, உனக்குத் தெரியாதா? யோ தம்போக்கோ செ, எனக்கும் தெரியாது, வா தேடலாம்." அவ்வளவுதான். அவள் காதில் "செ" விழுந்துவிட்டது, பேச்சும் அறுபடவில்லை. ஸ்பானிஷ் பேசுகிற பாட்டி இதைச் செய்தாலே போதும், அம்மா தமிழில் பேசட்டும்.

இங்கே ஸ்பெயினில் எனக்கு அதிகம் காதில் விழுவது "ரொம்பீதோ". உடைந்தது என்பதற்கு ரோத்தோ என்று வரவேண்டும். வைத்தது புவெஸ்தோ, குழந்தைகள் போனீதோ என்பார்கள். செய்தது எச்சோ, அவர்களுக்கு அசீதோ. மாட்ரிட் பக்கம் இன்று நடந்ததைச் சொல்லும்போது பெரியவர்கள் "உடைத்திருக்கிறேன்" போன்ற வடிவத்தைத்தான் நிறையப் பயன்படுத்துவார்கள், அதனால் இந்த வடிவங்கள் குழந்தை வாயில் அடிக்கடி வருகின்றன. மெக்சிகோவில் அதே இடத்தில் "செ ரொம்பியோ", உடைந்தது, என்று நேரடி இறந்தகாலம் வரும், அது ஒழுங்கான வடிவம், அதனால் உங்கள் மகள் அதில் தடுமாறும் வாய்ப்பே குறைவு. ஊருக்கு ஊர் தப்பு மாறுவதற்குக் காரணம் காதில் விழுவதுதான்.

இன்னொன்று, இதைக் கொஞ்சம் அழுத்தியே சொல்கிறேன். ஸ்பானிஷ் குழந்தைக்கு உண்மையிலேயே மொழி வளர்ச்சிச் சிக்கல் இருந்தால் நாங்கள் முதலில் பார்ப்பது இந்த மாதிரி வினை விகுதிகளை இல்லை. எல், லா மாதிரி பெயருக்கு முன் வரும் சிறு சொற்களும், "அதை", "அவளை" என்று சொல்ல வினையோடு ஒட்டிக்கொள்ளும் லோ, லா போன்ற சொற்களும்தான் அப்படிப்பட்ட குழந்தைகளுக்கு அதிகம் சிக்கல் தரும். 2 வயது முடிந்தும் இரண்டு சொல்லைச் சேர்த்துப் பேசவில்லை, தமிழிலும் பேசவில்லை ஸ்பானிஷிலும் பேசவில்லை என்றால் உடனே போய்க் காட்டுங்கள். உங்கள் மகள் செருப்பைப் பற்றி வாக்கியம் பேசுகிறாள் அக்கா.

ஹூஸ்டன்_அப்பா

இந்தத் தலைப்பைப் பார்த்ததும் மனது ஒரு மாதிரி ஆகிவிட்டது. அமெரிக்காவில் "நோ சாபோ பிள்ளைகள்" என்று ஒரு பெயரே இருக்கிறது. மெக்சிகோ முதலான நாடுகளிலிருந்து வந்த குடும்பங்களில் பிறந்து, ஸ்பானிஷ் சரளமாக வராத பிள்ளைகளை அப்படிச் சொல்வார்கள். மூன்று வயதில் எல்லாக் குழந்தைகளும் சொல்கிற ஒரு சொல்லை எடுத்து, இருபது வயதுக்காரர் மேல் முத்திரையாகக் குத்துகிறார்கள். என் மனைவி மெக்சிகோ வழிக் குடும்பம். சின்ன வயதில் அத்தைகள் முன்னால் ஒரு தடவை சாபோ என்று சொல்லிவிட்டாள், எல்லோரும் சிரித்தார்கள், அதோடு ஸ்பானிஷில் பேசுவதையே நிறுத்திவிட்டாள். இப்போது எங்கள் மகனுக்காக மறுபடி பேச ஆரம்பித்திருக்கிறாள்.

பழையபள்ளி ஐயா, கேலி செய்வார்களே என்று கேட்டீர்கள். செய்வார்கள். கேலி வந்த இடத்தில் தப்பு திருந்துவதில்லை, மொழியே போய்விடுகிறது, அதை என் வீட்டில் பார்த்தேன்.

பழையபள்ளி

தம்பி, உங்கள் மனைவி மறுபடி பேச ஆரம்பித்தது பெரிய விஷயம். நான் சொன்ன திருத்தம் அந்த மாதிரி இல்லை, ஆனாலும் குழந்தைக்கு வித்தியாசம் தெரியாமல் போகலாம் என்பது புரிகிறது. அந்த "எனக்கும் தெரியாது, வா தேடலாம்" முறை பிடித்திருக்கிறது.

குவாதலஹாரா_அம்மா

எல்லோருக்கும் நன்றி. நேற்றிரவு இதை எல்லாம் அவருக்குப் படித்துக் காட்டினேன். கணக்குப் போட்டுச் சொன்ன மாதிரி சாபெஸ், சாபெ, சபேமோஸ் என்று வந்ததும் அவர் "அட, சாபோதானே வரணும்" என்றார். குறிப்பேட்டில் தமிழை நிறுத்த மாட்டோம் என்று மரியாதையாக எழுதி அனுப்பிவிட்டோம்.

இன்னும் இரண்டு சந்தேகம். ஒன்று, பன்மை. பூங்காவில் குழந்தைகள் சாப்பிடுவதைப் பார்த்து "லோஸ் நின்யோஸ் கோமெ" என்கிறாள். கோமென் என்று வரவேண்டும். இது சாபோ மாதிரி இல்லையே, கோமென் ஒழுங்கான வடிவம்தானே?

இரண்டாவது, தம்பி பிறந்து 5 மாதம் ஆகிறது. அவன் அழுதால் ஓடிவந்து என்னிடம் "யோரோ" என்பாள். யோரோ என்றால் "நான் அழுகிறேன்" என்றுதானே அர்த்தம்? தன்னையும் தம்பியையும் பிரிக்கத் தெரியவில்லையோ என்று நினைத்தேன்.

பேச்சுப்பயிற்சி_மாட்ரிட்

இரண்டாவதற்கு முதலில் பதில். அவள் எந்த அசையை அழுத்திச் சொல்கிறாள் என்று கவனியுங்கள். முதல் அசையை அழுத்தினால் "நான் அழுகிறேன்". கடைசி அசையை அழுத்தினால் "அவன் அழுதான்". ஒலி அதே ஒலி, அழுத்தம் மட்டும்தான் ஆளையும் காலத்தையும் சேர்த்து மாற்றுகிறது. தமிழில் அழுத்தத்தை மாற்றினால் சொல்லின் பொருள் மாறுவதில்லை, அதனால் நம் காது அதைத் தள்ளிவிட்டுத்தான் கேட்கும். நான் இங்கே வந்து முதல் இரண்டு வருடம் இதைப் பிடிக்க முடியாமல் திணறியிருக்கிறேன். குழந்தைக்கு அந்தத் தடை கிடையாது. பெரும்பாலும் அவள் "தம்பி அழுதான்" என்று சரியாகத்தான் சொல்லியிருப்பாள்.

குவாதலஹாரா_அம்மா

இப்போதுதான் கேட்டேன். அவன் சிணுங்கினான், இவள் அடுக்களைக்கு ஓடிவந்தாள். கடைசி அசை. தெளிவாகக் கடைசி அசை. இத்தனை நாளாகச் சரியாகச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறாள், எனக்குத்தான் கேட்கவில்லை. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

வினைத்தொகை

படிக்கும்போது எனக்கும். சரி, பன்மைக்கு வருகிறேன், இதில் ஆய்வாளர்களுக்குள்ளேயே பெரிய சண்டை உண்டு.

ஸ்பானிஷில் வினையின் விகுதியை வெட்டிவிட்டால் மிச்சம் இருப்பது சொல்லே இல்லை. "கொம்" என்று யாரும் சொல்ல முடியாது. ஆங்கிலக் குழந்தை ஹி கோ என்று மொட்டையாகச் சொல்லலாம், நம் குழந்தை வா, போ, தா என்று வினையடியையே ஏவலாகக் கேட்கிறது. ஸ்பானிஷ் குழந்தைக்கு அந்த வசதி இல்லை, ஏதாவது ஒரு விகுதியோடுதான் சொல்ல வேண்டும். அதற்கு முதலில் கிடைப்பது படர்க்கை ஒருமை. கோமெ என்றால் "சாப்பிடுகிறாள்", "சாப்பிடு" என்ற ஏவலும் அதே கோமெ, மெக்சிகோவில் மரியாதையாக "நீங்கள் சாப்பிடுகிறீர்கள்" என்றாலும் கோமெதான். நாள் முழுக்கக் காதில் விழும் வடிவம் அது. அதனால் குழந்தைகள் தங்களைப் பற்றியே படர்க்கையில் பேசுவதும் உண்டு, "நேனா கியேரெ", பாப்பாவுக்கு வேணும், என்பது போல.

இதற்கு மேலே ஒரு தரப்பு, யார், எத்தனை பேர் என்பதற்கு ஏற்ப வினை விகுதி மாறும் என்பது குழந்தைக்குத் தொடக்கத்திலேயே தெரியும், தப்பு மிக மிகக் குறைவு என்கிறது. நானும் அந்தப் பக்கம்தான். 2002 இல் கிளாசன், அவலேதோ, ரோகா மூவரும் ஒன்றரை வயது முதல் நாலரை வயது வரையிலான 15 குழந்தைகளின் பேச்சை ஆராய்ந்தார்கள். தப்பெல்லாம் ஒரே திசையில் போவதைக் கண்டார்கள். ஒழுங்கான விகுதியும் மாறாத வினையடியும் ஒழுங்கற்ற வினைகளுக்குப் பரவுகின்றன, ஒழுங்கற்றது ஒழுங்கானதற்குப் பரவுவதில்லை. விதி என்று ஒன்று தலைக்குள் இல்லாமல் இது எப்படி நடக்கும்? தமிழ்க் குழந்தைகளைப் பற்றிப் பரிமளா ராகவேந்திராவும் லாரன்ஸ் லெனார்டும் 1989 இல் எழுதிய கட்டுரையும், வினை விகுதிகளைச் சின்ன வயதிலேயே குறைந்த பிழையோடு கற்றுக்கொள்கிறார்கள் என்றுதான் காட்டியது.

பேச்சுப்பயிற்சி_மாட்ரிட்

தம்பி, இங்கே நான் உங்களோடு ஒத்துப்போகவில்லை. சராசரி குறைவு என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்தச் சராசரிக்குள் என்ன ஒளிந்திருக்கிறது என்று பார்க்க வேண்டும். ஹவியெர் அகுவாதோ-ஓரேயாவும் ஜூலியன் பைனும் 2015 இல் வெளியிட்ட கட்டுரை அதைத்தான் செய்தது. 2 வயதிலிருந்து இரண்டரை வயது வரை இரண்டு ஸ்பானியக் குழந்தைகளின் பேச்சை எடுத்து, ஒவ்வொரு விகுதியாகப் பிரித்துப் பார்த்தார்கள். மொத்தத்தில் பிழை மிகக் குறைவு, ஆனால் அரிதாக வரும் இடங்களில் பிழை நிறையக் கூடுகிறது, அரிதாக வரும் வினைகளிலும் அப்படியே. அடிக்கடி கேட்பதில் பிழை இல்லை என்பதற்காக எல்லாம் தெரியும் என்று சொல்லிவிட முடியுமா? கேதர்கோல், செபாஸ்தியான், சோத்தோ மூவரும் 1999 இலேயே, குழந்தை விகுதி அட்டவணையை முழுசாகப் பெறுவதில்லை, துண்டு துண்டாகச் சேர்க்கிறது என்று சொல்லிவிட்டார்கள்.

என் அறையில் நான் பார்ப்பதும் அதுதான். ஒரு வினை ஏவலில் மட்டும் வரும், மீரா, பார்! இன்னொன்று இறந்தகாலத்தில் மட்டும் வரும், செ கயோ, விழுந்துடுச்சு! விழுகிறது என்று அந்தக் குழந்தை மாதக்கணக்கில் சொல்லவே சொல்லாது. அக்கா வீட்டில் ஸ்பானிஷ் இல்லை, காப்பகத்தில் பெரும்பாலும் "வா, உட்கார், சாப்பிடு" என்று ஒருமை ஏவல்தான். கோமென் அவள் காதில் எத்தனை தடவை விழுந்திருக்கும்?

வினைத்தொகை

இரண்டு குழந்தைகள் என்பது சின்ன எண்ணிக்கை என்று வாதிடலாம், ஆனால் அரிதான இடத்தில் பிழை கூடுகிறது என்பதை மறுக்க முடியவில்லை. சாபோ விஷயத்தில் விதி இருக்கிறது, கோமெ விஷயத்தில் காதில் விழுந்த அளவு இருக்கிறது, இரண்டையும் ஒரே விளக்கத்தில் அடைக்க நான்தான் அவசரப்பட்டேனோ என்று யோசிக்கிறேன். இன்னும் முழுதாக மாறவில்லை.

தென்கோடி

புவெனோஸ் ஐரெஸிலிருந்து எழுதுகிறேன். இங்கே "நீ" என்பதற்கு தூ சொல்ல மாட்டார்கள், வோஸ். அதற்கு விகுதியே வேறு. மெக்சிகோவில் "உன்னால் முடியும்" என்பதற்கு புவேதெஸ், இங்கே பொதேஸ், நடுவில் வினையடி மாறுவதில்லை. ஏவலும் அப்படியே, அங்கே "வா" என்பதற்கு வேன், "வை" என்பதற்கு போன், இங்கே வெனீ, பொனே, எல்லாம் ஒரே சட்டத்தில் வரும். "சாப்பிடு" என்ற ஏவலும் கடைசி அசை அழுத்தத்தோடு வருவதால் "சாப்பிடுகிறாள்" என்பதோடு கலப்பதில்லை. என் மகனுக்கு 4 வயது, ஏவலில் அவன் தப்பு செய்து நான் கேட்டதே இல்லை. ஆனால் பொதேஸ் என்று தினமும் கேட்பதாலோ என்னவோ, போதோ என்று சொல்வதை விட்டுவிட அவனுக்கு ரொம்ப நாள் ஆனது.

விளையாட்டில் கவனித்த ஒன்றையும் சொல்கிறேன். இந்தக் குழந்தைகள் கற்பனை விளையாட்டைத் தொடங்கும்போது நிகழ்காலத்தில் பேசுவதில்லை. "நான் டாக்டராக இருந்தேன், நீ நோயாளியாக இருந்தாய்" என்று, வழக்கமாக நடந்துகொண்டிருந்ததைச் சொல்லும் இறந்தகாலத்தில் பேசுவார்கள். யோ எரா, வோஸ் எராஸ். முதலில் கேட்டபோது நடந்து முடிந்த கதை சொல்கிறான் என்று நினைத்தேன். இப்போதுதான் தொடங்கப்போகும் விளையாட்டு அது. யாரும் பாடமாகச் சொல்லித்தரவில்லை, பூங்காவில் மற்ற பிள்ளைகளிடம் கேட்டு எடுத்துக்கொண்டான்.

குவாதலஹாரா_அம்மா

4 மாதம் கழித்து எழுதுகிறேன், இழை இன்னும் திறந்திருப்பதில் சந்தோஷம்.

பன்மைக்காகப் பாட்டியிடம் பேசினேன். அவர் தினமும் சந்தைக்குப் போகும்போது இவளையும் கூட்டிப்போய், வழியெல்லாம் புறாக்கள் என்ன செய்கின்றன, நாய்கள் என்ன செய்கின்றன என்று சொல்லிக்கொண்டே போகிறார். ஒரு மாதத்தில் கோமென் வந்தது, முதலில் புறாக்களுக்கு மட்டும். பூங்காப் பிள்ளைகள் இன்னும் சில நாள் கோமெதான்.

போதோ போய்விட்டது, புவேதோ வந்துவிட்டது. போனோ இருக்கிறது. சாபோ பற்றித்தான் சொல்ல வந்தேன். இன்று காலை தம்பியின் கிலுகிலுப்பையைக் காணோம். பாட்டி கேட்டார், இவள் "நோ சாபோ" என்றாள். பாட்டி "யோ தம்போக்கோ செ" என்று சொல்லிவிட்டுக் கட்டிலுக்கு அடியில் குனிந்தார். இவளும் கூடவே குனிந்து, உள்ளே இருந்து "நோ செ, நோ செ" என்று அவரை மாதிரியே முணுமுணுத்தாள். கிலுகிலுப்பை கிடைத்தது. மத்தியானம் வேறு எதற்கோ கேட்டபோது மறுபடி சாபோ. இப்போதைக்கு இரண்டும் அவளிடம் இருக்கின்றன. என் அம்மா தொலைபேசியில் கேட்டால் "தெரியாது பாட்டி" என்கிறாள்.

வினைத்தொகை

அக்கா, எந்தச் சூழலில் எது வருகிறது என்று முடிந்தால் ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதிவையுங்கள். புறாவுக்கு முதலில், பிள்ளைகளுக்கு அப்புறம் என்று சொன்னீர்களே, அதை நான் இரண்டு நாளாக யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

குவாதலஹாரா_அம்மா

எழுதுகிறேன் தம்பி. முதல் பக்கத்தில் புறா.